டெக்கில் இருந்த வெளி அடுப்படியை இடம் மாற்றிய கதை

டொராண்டோவில் எங்கள் வீட்டு மர டெக்கில் (வீட்டுக்கு வெளியே பலகை அடித்துப் போட்ட திறந்த தளம்), மீன் பொரிப்பதற்கென்றே நான் கட்டிய அடுப்படி சுவரை ஒட்டி இருந்தது. வீட்டின் வெளிச்சுவருக்குப் புதிதாக வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை அடித்தோம். வினைல் வெக்கையில் நெளிந்துவிடும். அதனால் அடுப்படியை வெளி ஓரத்துக்கு மாற்றினேன்.

முதலில் கருங்கல் பலகையைக் கழற்றினேன். அதோடு சேர்த்துத் தூக்கினால் மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். கால்களை, அடியில் ஓடும் உத்தரங்களுக்கு நேராக வைத்தேன். தரையில் வரிசையாகத் தெரியும் திருகாணித் தலைகளைப் பார்த்தாலே உத்தரம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சிலிண்டர் பெட்டி. அதில் இருக்கும் புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில்தான் தேங்கும். அதனால் பெட்டியின் அடிப்பக்கத்தில் பெரிய துளைகள் போட்டேன். இதை மட்டும் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக, கசிவு இருக்கிறதா என்று பார்க்க இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன். ஓரிடத்தில் சின்னக் குமிழி வந்தது. அந்த ரப்பர் குழாயையே மாற்றிவிட்டேன்.