பால் பாக்கெட்டின் மூலை

காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது மூலையை முழுவதும் வெட்டி எடுத்துவிடாதீர்கள். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினாலே பாலை ஒழுங்காக ஊற்றலாம். அந்த முக்கோணத் துண்டு நகத்தளவுதான். குப்பை பிரிப்பவர் கையில் அது சிக்காது. பாத்திரம் கழுவும் தொட்டி வழியே சாக்கடைக்குப் போகும், அல்லது காய்கறித் தோலோடு உரத்தில் கலக்கும். எங்கள் வீட்டுத் துளசித் தொட்டியைக் கிளறியபோது பதினொரு நீலத் துண்டுகள் கிடைத்தன. எல்லாம் என் கைவேலை!

காலியான பாக்கெட்டில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாக்கெட்டைப் பாத்திரக் கூடையின் கம்பியில் மாட்டினால் மாலைக்குள் காய்ந்துவிடும். சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அலசாமல் வைத்தாலோ இரண்டே நாளில் புளித்த வாடை. பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பை, பிளாஸ்டிக் கப் போன்றவற்றுக்குத் தடை வந்தபோது, பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தினமும் வீட்டுக்குள் வரும் அதை வெளியே அனுப்பும் விதமாவது நம் கையில் இருக்கிறது.

மஞ்சப்பையை எப்போதும் மறப்பவரா? பீரோவில் மடித்து வைக்காமல் வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டுங்கள். பையை எடுக்காமல் சாவியை எடுக்க முடியாது. சாம்பார் வாங்கும் தூக்குச்சட்டிக்கும் அதே ஆணிதான்.