ரெட் ஒயின் பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட்: முதன்முறை சுவைப்பவர்களுக்கு

சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி என்றாலே புகையும் காரமும்தான் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு நான் முதலில் ஊற்றிக் கொடுப்பது ஸ்டார்வர்ட் நோவா. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டேவிட் விட்டாலே 2007-ல் தொடங்கிய வடிசாலையின் விஸ்கி இது. ரெட் ஒயின் இருந்த ஓக் பீப்பாய்களில்தான் முழுக்க முழுக்க முதிர்கிறது. யாரா பள்ளத்தாக்கு, பரோசா போன்ற ஒயின் ஊர்களிலிருந்து பீப்பாய்கள் வருகின்றன. பலவற்றில் ஈரம் காயும் முன்பே விஸ்கியை நிரப்பிவிடுவதால், மரம் உறிஞ்சி வைத்திருந்த ஒயின் அதில் இறங்குகிறது. பழ வாசனையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். கூடவே வரும் துவர்ப்பைப் பிடிப்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

1. கிளாஸ்

அடி அகன்று வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது. சின்ன ஒயின் கிளாஸும் போதும். 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை எழும்பாது. ஊறுகாயும் காரமான சைடு டிஷ்ஷும் விஸ்கியைச் சுவைத்து முடித்த பிறகுதான்.

2. நிறம்

ஒரு வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், செம்புச் சாயல் தெரியும். பீப்பாயில் சுமார் 3 ஆண்டுகள்தான் இருந்தது என்றால் நம்ப முடியாது. மெல்போர்னில் ஒரே நாளில் வெயிலும் குளிரும் மாறி மாறி வரும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். அதனால் ஸ்காட்லாந்து விஸ்கிகளின் வயதுக் கணக்கை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

3. வாசனை

ஒயினைப் போலச் சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே நுழைத்தால், 41 சதவீத ஆல்கஹாலில் மூக்கு மரத்துப்போகும். கிளாஸை மோவாய்க்கு நேராக வைத்து மெல்ல உயர்த்துங்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் எரிச்சல் குறையும். முதலில் வெனிலாவும் பாகும் வரும். ஐந்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டு மறுபடி முகருங்கள். இப்போது ஸ்ட்ராபெர்ரி, செர்ரி போன்ற சிவப்புப் பழங்கள் தெளிவாகத் தெரியும்.

4. மிடறு

முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், எல்லாருக்கும் அது எரியத்தான் செய்யும்.

இரண்டாவது மிடறை இன்னும் சிறியதாக எடுத்து, நாக்கின் மேல் பரவவிட்டு, பத்து விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். இனிப்பு முதலில் வரும், பின்னாலேயே பட்டை, கிராம்பின் சூடு. விழுங்கிய பிறகுதான் கவனிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறமும் ஈறும் லேசாக இழுத்துப் பிடிக்கும், நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு சொரசொரப்பதைப் போல. திராட்சைத் தோலிலும் ஓக் மரத்திலும் உள்ள டானின் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வரும் துவர்ப்பு இது. இனிப்புக்குப் பின் வந்து, வாயைச் சுத்தமாக்கிவிட்டு விலகினால் அது நல்ல பீப்பாய். கசப்பாக மாறி அங்கேயே உட்கார்ந்துவிட்டால், மரம் விஸ்கியை மீறிவிட்டது என்று அர்த்தம்.

5. தண்ணீர்

டீஸ்பூனால் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவுதான். துவர்ப்பு கொஞ்சம் தளர்ந்து பழம் முன்னால் வரும். இதற்கு மேல் ஊற்றினால் நீர்த்துப்போகும்.

6. ஒப்பீடு

முடிந்தால் பக்கத்தில் கிளென்மோரஞ்சி ஒரிஜினல் என்ற ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட்டைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். அது பர்பன் (அமெரிக்கச் சோள விஸ்கி) இருந்த பீப்பாயில் முதிர்ந்தது. வெளிர்மஞ்சள் நிறம், தேன், ஆரஞ்சு வாசனை. அதை ஒரு மிடறு குடித்துவிட்டு நோவாவுக்குத் திரும்பினால், ஒயின் பீப்பாய் என்ன செய்திருக்கிறது என்பது சட்டென்று புரியும். தனியாகக் குடிக்கும்போது பிடிபடாதது இப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

சரி, அடுத்த பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘ஃபினிஷ்’ என்று இருந்தால், வேறு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒயின் பீப்பாய்க்கு மாற்றியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அரன் அமரோனே காஸ்க் ஃபினிஷ் அந்த வகைக்கு நல்ல தொடக்கம்; அமரோனே என்பது இத்தாலிய ரெட் ஒயின். ஆல்கஹால் 50 சதவீதம் என்பதால் அந்த விஸ்கிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்க்கலாம்.