மைக்ரோவேவில் வெந்நீர் வைக்கிறீர்களா? முதலில் பெட்டியைத் துடையுங்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை, நாலு பேர் சேர்ந்து எடுத்த அறை, கேஸ் அடுப்பு கிடையாது, மூலையில் ஒரு மைக்ரோவேவ் மட்டும் உண்டு என்று இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டுக்குப் புதிதாக வாங்கியவர்களுக்கும் இதேதான்.

டீக்கோ சுக்குக் காப்பிக்கோ தண்ணீர் சுட வைப்பது சின்ன வேலை. ஆனால் நேற்றைய குழம்பு உள்ளே தெறித்துக் காய்ந்து கிடந்தால் அதுவும் சேர்ந்து சூடாகும், அந்த வாடை வெந்நீரிலும் ஏறும், கறை கருகிப்போன இடத்தில் தீப்பொறிகூடக் கிளம்பும். அதனால் சுத்தம் முதலில்.

மைக்ரோவேவுக்கு ஏற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை நாலாக வெட்டிப் பிழிந்து, தோலையும் அதிலேயே போடுங்கள். தோல் அவசியம், காரணம் கீழே வருகிறது. முழு பவரில் 3 நிமிடம் வையுங்கள், கதவுக் கண்ணாடியில் ஆவி நன்றாகப் படிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம். நின்றதும் திறந்துவிடாதீர்கள். 5 நிமிடம் அப்படியே விட்டால்தான் ஆவி கறையில் இறங்கி ஊறவைக்கும், பாதி வேலை அதுவே செய்துவிடும்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிண்ணத்தைத் துணி பிடித்து எடுத்து, ஈரத்துணியால் மேல்கூரையிலிருந்து துடைக்க ஆரம்பியுங்கள். கூரையைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அங்கேதான் அதிகம் தெறித்திருக்கும். கம்பி நார் வேண்டாம், உள் பூச்சு கீறிவிடும், கீறிய இடம் துருப்பிடிக்கும். சுழலும் கண்ணாடித் தட்டு ஆறிய பிறகே தண்ணீரில் கழுவுங்கள், சூட்டோடு குழாயில் காட்டினால் விரிசல் விடலாம். அதன் கீழே இருக்கும் சக்கர வளையத்தையும் எடுத்துத் துடையுங்கள். பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், மைக்ரோ அலை அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது, அதைக் கழற்றாமல் மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். கதவு விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் கதவு சரியாகப் பொருந்தாது, அதையும் விடாதீர்கள். வெளிக்கூட்டைத் திருப்புளி போட்டுத் திறக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

சரி, இனி வெந்நீர். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், பொன் கோடு போட்ட கப்பும் வேண்டாம். சாதாரணப் பீங்கான் கப் நல்லது. முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். 800 வாட் பெட்டியில் 200 மில்லி தண்ணீருக்கு ஒன்றரை நிமிடத்திலிருந்து 2 நிமிடம் ஆகும். கரண்டு வோல்டேஜ் குறைவாக இருக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அந்தத் தோல் விஷயம். அடுப்பில் பாத்திரத்தின் அடி சூடாகி அங்கிருந்து குமிழி கிளம்பும். மைக்ரோவேவில் தண்ணீர் நேரடியாகச் சூடாகிறது, கப்பின் உள்புறம் வழவழப்பாக இருந்தால் குமிழி பிடித்துக் கிளம்ப இடமே இருக்காது, அதனால் கொதிநிலையைத் தாண்டிய பிறகும் தண்ணீர் அசையாமல் நிற்கும், பார்த்தால் சுடாத தண்ணீர் போலவே தெரியும். அதில் காப்பித்தூளையோ சர்க்கரையையோ போட்ட அந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். கடுமையான தீக்காயம் ஆகிவிடும். எலுமிச்சைத் தோல் குமிழிக்கு இடம் கொடுக்கும், அதனால்தான் அதைப் போடச் சொன்னேன். வெறும் தண்ணீருக்கு ஒரு சுத்தமான மரக் குச்சியையோ மரக் கரண்டியையோ உள்ளே நிற்க வையுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதிக்கவில்லையே என்று திரும்பத் திரும்ப நேரத்தைக் கூட்டாதீர்கள்.

நேரம் முடிந்ததும் ஒரு நிமிடம் விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எடுங்கள். ஒருமுறை கலக்குங்கள், மேலே கொதித்தாலும் அடியில் சூடு குறைவாக இருக்கும். கலக்கிய பிறகே தூள். சுக்கு, மல்லி, கருப்பட்டி எல்லாம் அப்போதுதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் ஊரில் முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுங்கள், போர் தண்ணீர் பெட்டி துடைக்க மட்டும். கப்பில் வெள்ளையாக உப்புப் படிந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும்.

குடித்து முடித்ததும் உள்ளே கோத்திருக்கும் ஆவியை ஒருமுறை துடைத்து, ஈரம் காயும்வரை கதவைத் திறந்தே வையுங்கள்.