சாவி கொடுக்கும் நாளிலேயே தொடங்கும் தகராறு: வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழே நாம், மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு. அல்லது ரிட்டயர்மென்ட் பணத்தில் ஆவடி, மேடவாக்கம் பக்கம் வாங்கிப் போட்ட ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். இப்படி ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்கள் வாடகையை ஒரு தொழிலாக நினைப்பதில்லை. மாதம் பிறந்தால் வரும் தொகை, அவ்வளவுதான். அதனால் தொழில் செய்பவர்கள் எழுதி வைக்கும் எதையும் இவர்கள் எழுதி வைப்பதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. சண்டை வெடிப்பது காலி செய்யும்போது என்றாலும், திரி வைக்கப்படுவது சாவி கொடுக்கும் அன்றைக்கே.

ஆள் பார்ப்பதிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. வீடு பார்க்க வருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அடுத்தது "நான்வெஜ் உண்டா?" இந்த விசாரணையில் திருப்தியாகிவிட்டால் வேறு எதையும் கேட்காமல் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார்கள். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கும் இந்தப் பதில்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கே வேலை, எத்தனை பேர் தங்கப் போகிறார்கள், இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறார்கள், அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் என்ன என்றுதான் கேட்க வேண்டும். கடைசியில் சொன்ன நம்பரை வாங்குபவர்கள்கூடக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. இரண்டு நிமிடம் பேசினால் போதும், விஷயம் தெரிந்துவிடும். ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

அடுத்தது அக்ரிமென்ட். ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. இதற்கென நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சட்டமே முட்டுக்கட்டை போடுகிறது. அதாவது, தகராறு வரும் நாளில் பீரோவில் இருக்கும் அந்தப் பேப்பர் கைகொடுக்காமல் போகலாம்.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

சென்னையில் ரொம்ப காலமாகப் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். 15,000 ரூபாய் வாடகை என்றால் ஒன்றரை லட்சம். புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வாங்குவதானால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பத்து மாதம் வாங்குவது வீட்டுக்காரருக்கு லாபம் என்று தோன்றும். என் கணக்கில் அதுதான் அவருக்கு வைக்கப்படும் பெரிய பொறி. வந்த பணம் போர் போடுவதற்கோ பையனின் காலேஜ் பீஸுக்கோ போய்விடுகிறது. குடியிருப்பவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்ததும் "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், அதை வாங்கி உங்களுக்குத் தந்துவிடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். குடியிருப்பவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். பணம் வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்கிறார். சாவி வராமல் அடுத்த ஆளுக்கு வீட்டைக் காட்ட முடியாது.

வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அட்வான்ஸை வாங்கிய அன்றே பேங்கில் டெபாசிட் போட்டுவிடுங்கள். அது முடியாது, செலவுக்கு வேண்டும் என்றால், பத்து மாதம் வாங்காதீர்கள். மூன்று மாதம் வாங்கினால் திருப்பிக் கொடுப்பதும் சுலபம், நல்ல ஆட்களும் விரைவில் கிடைப்பார்கள்.

ஒத்திக்கு விடுபவர்களுக்கு இதே ஆபத்து பல மடங்கு. மாத வாடகை இல்லாமல் ஏழெட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து அப்படியே திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பணம் வட்டிக் கடனை அடைக்கப் போயிருக்கும். மூன்று வருஷம் கழித்து வேறொருவரிடம் ஒத்தி வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க முடியும். இடையில் வீடு ஒருபோதும் வருமானம் தருவதில்லை. திருப்பித் தர வழி தெரியாமல் ஒத்திக்கு விடுவதைவிட, குறைந்த வாடகைக்கு விடுவது மேல்.

இனி பிடித்தம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், தண்ணீர் பைப் மாற்றுவதும், ஒயரிங்கும் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், உடைந்த ஜன்னல் கண்ணாடி, தாழ்ப்பாள், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும். எழுதாமல் "எல்லாரும் பிடிக்கிறார்கள், நானும் பிடிக்கிறேன்" என்பது நிற்காது. ஒரு வரி எழுதிவிடுங்கள்: இத்தனை வருஷத்துக்குள் காலி செய்தால் இவ்வளவு பிடித்தம், அதற்கு மேல் இருந்தால் இல்லை.

வீடு எப்படி இருந்தது என்பதற்கும் பதிவு வேண்டும். காலி செய்யும் நாளில் நடக்கும் பேச்சைப் பாருங்கள்.

"அங்கிள், இந்த டைல்ஸ் விரிசல் நாங்க வரும்போதே இருந்துச்சு."

"இல்லப்பா, நல்லா இருந்த தரையைத்தான் கொடுத்தேன்."

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இருவருக்கும் ஞாபகம் இல்லை. சாவி கொடுக்கும் அன்று இருவரும் கூடவே நடந்து, போனில் வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். பாத்ரூம் சீலிங்கில் ஓதம், கெய்சர், ஃபேன் ரெகுலேட்டர், சிங்க் அடியில் கசிவு, ஈபி மீட்டர் ரீடிங், எத்தனை சாவி, எல்லாம் அதில் வரட்டும். காலி செய்யும்போது அதே வழியில் இன்னொரு வீடியோ.

மீட்டரும் மோட்டாரும்

ஒரே வீட்டில் இரண்டு போர்ஷனுக்கு ஒரே ஈபி இணைப்பு வைத்து, மாடிக்கு சப்-மீட்டர் மாட்டியிருப்பார்கள். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரு ரேட். குடியிருப்பவருக்குக் கோபம் வரும் முதல் இடம் இதுதான். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அதோடு, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத்தின் அமைப்பே மாறிவிடும். அந்தக் கட்டணத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு போர்ஷன் 300 யூனிட் எரித்தால் 675 ரூபாய். தனித்தனி இணைப்பு இருந்தால் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து 1,350. அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 2,750. பிறகு ரேட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான். வீட்டுக்காரர் ஒரு பைசா லாபம் வைக்காவிட்டாலும், பக்கத்து வீட்டில் குடியிருப்பவரின் பில்லோடு ஒப்பிட்டால் இவர் கொள்ளையடிப்பதாகத் தெரியும். தனிச் சமையலறையோடு பிரிந்து நிற்கும் போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. அதுவரை ஒவ்வொரு முறையும் பில்லையே காட்டி, ரீடிங் போட்டோவோடு பங்கு பிரியுங்கள்.

வாடகை பாக்கி விழுந்தால் பலருக்கு முதலில் கை போவது மோட்டார் சுவிட்சுக்கு, அடுத்து ஃபியூஸ் கேரியருக்கு. இதைச் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பாக்கி வைத்தவர் வாடகை அதிகாரியிடம் போனால் அந்த நிமிடமே நீங்கள் எதிராளி ஆகிவிடுவீர்கள். பாக்கி விஷயம் பின்னுக்குப் போய்விடும். இரண்டு மாத பாக்கி என்பது வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போங்கள். வழி நீளம்தான், ஆனால் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் பாதி தூரம் ஏற்கெனவே கடந்தாகிவிட்டது. வாடகை பேங்க் கணக்கில் வந்திருந்தால் எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாடிக்கு நினைத்தபோது ஏறிப் போய்க் கதவைத் தட்டுவது, ஆள் இல்லாதபோது ஸ்பேர் சாவி போட்டுத் திறப்பது, இதெல்லாம் சொந்த வீடு என்ற நினைப்பில் நடக்கிறது. பிளம்பரைக் கூட்டிப் போவதாக இருந்தாலும் முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டுவிட வேண்டும்.

பான் நம்பர் கேட்டால் முகம் மாறுவதும் ஒரு தவறு. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் நம்பரை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தரமாட்டேன் என்றால் நல்ல சம்பளக்காரர்கள் விலகிப் போவார்கள். வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் செலவே காட்டாமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. மறைக்கும் அளவுக்கு வரி வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மறையுங்கள்.

நல்ல குடித்தனக்காரர் என்று நான்கு வருஷம் வாடகையை ஏற்றாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் வருஷம் ஒரேயடியாக நான்காயிரம் ஏற்றுவது அவரைத் துரத்துவதற்குச் சமம். வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் இரு பக்கமும் சங்கடம் இல்லை.

கடைசியாகக் காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பெரும்பாலோர் வீடு மாறுவதில்லை. ஜூலை நடுவில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டித்தான் கிடக்கும். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் குடும்பங்கள் வீடு தேடி அலையும். பதினோரு மாத ஒப்பந்தம் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜூன் முதல் தேதி தொடங்கிய ஒப்பந்தம் ஏப்ரலில் முடியும். புதுப்பித்தால் மார்ச்சில், அப்புறம் பிப்ரவரியில் என்று ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பின்னால் நழுவி மார்கழிக்குள் போய் நிற்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியைத் தவிர்க்க வந்ததுதான் இந்தப் பதினோரு மாதப் பழக்கம். பன்னிரண்டு மாதம் ஒரு வருஷத்துக்கு மேல் போகவில்லை. வாடகை அதிகாரியிடம் எப்படியும் பதியத்தான் வேண்டும். பன்னிரண்டு மாதமாகவே போட்டு, மே மாதத்தில் முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள்.