பால் கொட்டிருச்சா? வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ஜினாட் சொன்னத பாருங்க

ஹைம் ஜினாட்டுன்னு ஒரு குழந்தை மனநல நிபுணர். 1922ல டெல் அவிவ்ல பொறந்து, ஸ்கூல் வாத்தியாரா இருந்துட்டு, அப்புறம் அமெரிக்கா போய் கொலம்பியா யுனிவர்சிட்டில டாக்டர் பட்டம் வாங்குனவர். 1965ல இவர் எழுதுன 'பிட்வீன் பேரன்ட் அண்ட் சைல்ட்'ங்கிற புக்கு அங்க சக்கப்போடு போட்டுச்சு. 1973ல, 51 வயசுலயே போய்ட்டார். இவர் பெத்தவங்களுக்கு நடத்துன கிளாஸுக்குப் போன அம்மாக்கள்ல ரெண்டு பேர், அடேல் ஃபேபரும் எலைன் மாஸ்லிஷும், பின்னாடி அவங்களே பெரிய பேரன்டிங் எழுத்தாளர் ஆயிட்டாங்க.

சரி, புள்ளைங்ககிட்ட இவர் சொன்ன மாதிரி வீட்ல எப்டி பேசுறது? மொதல்ல, நடந்தத மட்டும் பேசுங்க. புள்ள பாலைத் தட்டி விட்டா "பால் கொட்டிருச்சு, இந்தா வேற டம்ளர், இந்தா தொடைக்க ஸ்பாஞ்ச்", அவ்ளோதான், இது அவரே குடுத்த உதாரணம். நமக்கு தானா வாய்ல வர்றது "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு"ங்கிறதுதான், அத முழுங்கணும்.

அடுத்தது, எந்த உணர்ச்சியும் ஓகே, எல்லா செயலும் ஓகே கிடையாது. "தம்பியப் புடிக்கல"ன்னா "அப்டில்லாம் சொல்லக்கூடாது"ன்னு வாய அடைக்காம "அவன் மேல செம கோவம் போல"ன்னு சொல்லுங்க, ஆனா கை ஓங்குனா அங்கயே புடிச்சு நிறுத்திடணும். இவர் செல்லம் குடுக்கச் சொன்னார்னு பேசுறவங்க இந்தப் பாதிய படிக்கவே இல்ல.

கஷ்டமானது பாராட்டுதான். அவர் புக்குல ஒரு கதை வரும், ஆறு வயசுப் பையன் கார் பின்சீட்டுல சத்தமே இல்லாம உக்காந்துருக்கான், அம்மா திரும்பி "நீ எவ்ளோ நல்ல பையன்"னு சொன்ன அடுத்த நிமிஷம் ஆஷ்ட்ரேய எடுத்து எல்லார் மேலயும் கொட்டிட்டான். ஏன்னா அந்த நேரம் அவன் முன்சீட்டுல அப்பா அம்மா நடுவுல இருந்த தம்பிப் பாப்பாவுக்கு எதாவது ஆகட்டும்னு மனசுக்குள்ள நெனச்சுட்டு இருந்துருக்கான். நல்லவன்னு சொன்னதும் தாங்கல. அதனால "சமத்து, தங்கம்"லாம் விட்டுட்டு "நீ புக்க அடுக்கி வெச்சதால தேடாம எடுத்தேன்"னு அவன் செஞ்ச வேலைய மட்டும் சொல்லிப் பாராட்டுங்க.

கோவமே படக்கூடாதான்னு கேக்காதீங்க, "எனக்கு இப்ப பயங்கர கோவம் வருது"ன்னு தாராளமா கத்தலாம், புள்ளைய மட்டும் திட்டக்கூடாது.

நேத்து எங்க வீட்ல தோசமாவு கவுந்துச்சு. "மாவு கொட்டிருச்சு, துணி எடுத்துட்டு வா"ன்னு சரியாத்தான் ஆரம்பிச்சேன், ரெண்டாவது வாக்கியத்துல பொடனி வந்துருச்சு.