நாள வால்வை உங்கள் கையிலேயே பார்ப்பது எப்படி?

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை நீட்டி, "நரம்பு சுருண்டு கிடக்கு" என்பார். அது நரம்பு இல்லை, நாளம். நம் இலங்கைப் பாடப்புத்தகத்தின் நாடிதான் (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) தமிழ்நாட்டு வீடியோக்களில் தமனி, நாளம்தான் (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) சிரை. நாளத்துக்குள் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போக வால்வுகள் உண்டு. 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி விளக்கிய சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

1. நுவரெலியாக் குளிரில் விடியற்காலையில் முயலாதீர்கள், நாளங்கள் சுருங்கிவிடும். கையை இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள்.

2. முழங்கைக்கு மேலே யாரையாவது துணியால் கட்டச் சொல்லுங்கள். இரப்பர் பட்டி தோலைக் கிள்ளும். பழைய பருத்தித் துண்டுதான் நல்லது. மணிக்கட்டில் துடிப்பு தெரியவில்லையென்றால் நாடியும் அடைபட்டுவிட்டது, தளர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டு வேண்டாம்.

3. கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி விரியுங்கள். கட்டைவிரல் பக்கம் ஏறுவது செபாலிக் என்ற நாளம், சுண்டுவிரல் பக்கம் பசிலிக் என்ற நாளம். இடையிடையே முடிச்சுப் போலப் புடைப்பவை வால்வுகள்.

4. இங்கேதான் நான் இரண்டு நாள் தடுமாறினேன். முழங்கைப் பக்கம் அழுத்திக்கொண்டு கீழ்நோக்கித் தடவினேன், ஒன்றும் நடக்கவில்லை. சரியான முறை இது: மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் நாளத்தை அழுத்துங்கள். அதை எடுக்காமல், இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி, ஒரு முடிச்சைத் தாண்டும்வரை இரத்தத்தைத் தள்ளுங்கள். மேல் விரலை எடுங்கள். முடிச்சுவரை இரத்தம் திரும்பி வரும், அதற்குக் கீழே வராது. நாளத்தின் அந்தப் பகுதி தட்டையாகவே கிடக்கும். கீழ் விரலையும் எடுத்தால் சட்டென்று நிரம்பும்.

பிற்சேர்க்கை: தட்டையான பகுதி தானாக நிரம்புகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பக்கக் கிளை வந்து சேரும் இடமாக இருக்கும். கிளையில்லாத நீளத்தில் செய்யுங்கள்.

இப்போது அம்மாவின் கால். உள் கணுக்காலுக்கு முன்னாலிருந்து தொடை இடுக்குவரை போகும் பெரிய சஃபீனஸ்தான் உடலிலேயே நீளமான நாளம். நடக்கும்போது கெண்டைத் தசை பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்பும், வால்வு கீழே விழாமல் பிடிக்கும். வால்வு தளர்ந்தால் இரத்தம் தேங்கி நாளம் புடைத்துச் சுருளும். அம்மாவுக்குக் கிளினிக்கில் இறுக்கமான காலுறை கொடுத்திருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறங்குமுன், கால் வீங்காதபோதே போட வேண்டும்.

காலில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் போட்டுத் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.