மாற்று சைலன்சர் போட்ட கார் இரைகிறதா? இப்படிக் குறைக்கலாம்

கம்பெனி சைலன்சரைக் கழற்றி வேறொன்றைப் போட்ட பிறகு கார் அதிகமாக இரைந்தால், உடனே இன்னொன்றைத் தேடாதீர்கள். சத்தம் கசிவிலிருந்து வருகிறதா, தகடு தட்டுவதா, குழாய்க்குள் அலை முழங்குவதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அடியில் படுக்குமுன் இன்ஜின் நன்றாக ஆறட்டும். வெறும் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வையுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் மேனிஃபோல்டு கேஸ்கெட்தான் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதியின் இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகடு). சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்கிறது. மற்ற கசிவுகளைக் கண்டுபிடிக்க, இன்ஜினை நிறுத்தி வைத்து, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தில் ஹோஸை மாட்டி, சைலன்சர் முனையில் துணி சுற்றிச் செருகுங்கள். இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஃபிளாஞ்சு (குழாய்களை இணைக்கும் தட்டையான விளிம்பு) போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும்; அதை நம்பி இன்ஜினுக்குள் கூடுதலாகப் பாய்ச்சப்பட்டு எரிபொருள் வீணாகும். கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு ஏறும் ஆபத்தும் உண்டு. ஆகவே கசிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

தகடு தட்டும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளிக் குறைவு. 3 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 15 மி.மீ. நீளும். ஆறியிருக்கும்போது தொடாத வளைவு, ஓடும்போது பாடியில் இடிக்கும். கிளாம்புகளைத் தளர்த்தி, எல்லாவற்றையும் குழாயைப் பாடியில் தாங்கும் ஹேங்கர் ரப்பரில் தொங்கவிட்டு நேராக்கி, முன்னாலிருந்து பின்னாக முடுக்குங்கள்.

இனி முழக்கம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் காதை அடைக்கும் 'ம்ம்ம்' என்ற ஓசை இது; நெடுஞ்சாலையில் தலைவலியே வந்துவிடும். எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 வெடிப்பு. 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ். இதை அடக்க, மறுமுனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பிரதான குழாயில் வெல்டிங் செய்வார்கள். அலை அதன் கோடி வரை போய்த் திரும்பும்போது எதிர்க்கட்டத்தில், அதாவது மேட்டுக்கு எதிரே பள்ளமாக, வந்து மோதி, பிரதான அலையை அமுக்கிவிடும். நீளம்: ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். சுமார் 230 டிகிரி புகையில் ஒலி நொடிக்கு 450 மீட்டர் போகும்; 450 ÷ 320 = 1.4 மீட்டர். புகை 150 டிகிரியாக இருந்தால் 1.3 மீட்டர் போதும். அதனால் முதலில் 1.5 மீட்டர் விட்டு, நகர்த்தக்கூடிய மூடியைப் போட்டு ஓட்டிப் பார்த்து, சத்தம் அடங்கும் இடத்தில் வெட்டி அடையுங்கள். விட்டம் பிரதான குழாயின் அளவே இருக்கட்டும். வெளிமுனைக்கு மிக அருகில் இணைத்தால் பலன் குறையும், அங்கே அழுத்த அலைக்கு வலுவில்லை. வெல்டிங் செய்யுமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

எல்லா வேகத்திலும் இரைச்சல் என்றால், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) சைலன்சருக்கும் நடுவில் நீளமான ரெசனேட்டர் (சத்தத்தைத் தணிக்கும் கூடுதல் அறை) சேர்ப்பதே நல்ல வழி. நேர்க்குழாய் சைலன்சர் நாளடைவில் கத்த ஆரம்பித்தால் உள்ளிருக்கும் கண்ணாடி நார் எரிந்து போயிருக்கும். ரிவெட் வைத்த வகையானால் திறந்து, துளைக்குழாய் மேல் முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பி நாரையும், அதன்மேல் புதிய கண்ணாடி நாரையும் சுற்றுங்கள். இறுக்கித் திணித்தால் ஒலியை உறிஞ்சாது.

வால்முனையில் செருகும் அடக்கி மலிவானது, உடனே பலன் தரும். ஆனால் புகைக்கு வழி குறுகி, அதிக ஆர்பிஎம்மில் இழுவை குறையும். தற்காலிகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைப்பது கூடவே கூடாது.

வேலை முடிந்து இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிவிடுங்கள். புது கேஸ்கெட் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கும்.